‘இன்னும்’ என்ற சொல்லுக்கு இரண்டு ஆங்கிலம்

அம்பத்தூரில் நான் கடைசியாக வேலை பார்த்த மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். உற்சாகம் தருவதாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். நான் முயன்று பார்த்தேன். உற்சாகம் தருகிற சம்பவங்களில் எல்லாம் நான் நல்லவனாக வருகிறேன். அவற்றால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. எனவே ஒரு சொல்லைப் பற்றி எழுதுகிறேன்.

உங்கள் வேலை எப்படி நடக்கிறது என்று தெரியும். கணினி முதலில் மொழிபெயர்த்துத் தந்துவிடுகிறது, நீங்கள் திருத்துகிறீர்கள். போன மாதம் வந்திருந்தபோது உங்களில் ஒருவர் திரையைக் காட்டிச் சிரித்தார். ‘இன்னும் ரெண்டு இட்லி வை’ என்பதற்கு அது ‘ஸ்டில் டூ இட்லிஸ்’ என்று போட்டிருந்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. கணினி செய்தது அறியாமல் செய்த தவறு. அதே சொல்லில் நான் செய்த தவறு அந்த வகையைச் சேர்ந்தது அல்ல.

‘இன்னும்’ என்பது நமக்கு ஒரே சொல். இன்னும் இருக்கிறான், இன்னும் வரவில்லை, இன்னும் கொஞ்சம் சாம்பார். எல்லாவற்றுக்கும் அது போதும். ஆங்கிலத்தில் போதாது. இட்லிக்கும் சாம்பாருக்கும் வேறொரு சொல், அதை விட்டுவிடலாம். ‘இன்னும் இருக்கிறான்’ என்றால் ‘ஸ்டில்’. ‘இன்னும் வரவில்லை’ என்றால் ‘யெட்’. ‘வந்துவிட்டானா?’ என்று கேட்கும்போதும் கடைசியில் ஒரு ‘யெட்’ ஒட்டிக்கொள்ளும். எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்த மூத்தவர் இதை ஒரே வரியில் தருவார்: எதிர்மறைக்கும் கேள்விக்கும் ‘யெட்’, உடன்பாட்டுக்கு ‘ஸ்டில்’. “விதி தெரிஞ்சவனை எவனும் கேள்வி கேக்க மாட்டான்” என்றும் சொல்வார். அது உண்மைதான். என்னை யாரும் கேட்கவில்லை.

மண்ணூர்பேட்டைப் பக்கம், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள், ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் ஒப்பந்த மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில். அங்கே இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது, இங்கே மிஷினில் நிற்பவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நான். எச்சரிக்கைப் பலகைகள், சுற்றறிக்கைகள், விடுப்பு விண்ணப்பங்கள் எல்லாம் என் வழியாகப் போய் வந்தன. சனிக்கிழமைகளில் அலுவலக ஊழியர்களுக்கு ஆங்கில வகுப்பும் எடுத்தேன். வகுப்புக்குத் தவறாமல் வந்து முதல் வரிசையில் உட்காருபவர் ஹெச்.ஆர். பிரிவில் இருந்த இளைஞர். தர்மபுரிக்காரர். நான் சொல்வதையெல்லாம் எழுதிக்கொள்வார். நான் தும்மினால்கூட எழுதிக்கொள்வார் என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

முதலில் டீ விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தொழிற்சாலையில் கேன்டீன் நடத்தியவர் கஸ்தூரி அக்கா. ஒருநாள் டீ தாமதமாகிவிட்டது. வடக்கிலிருந்து வந்திருந்த சூப்பர்வைசர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் ‘டீ ஸ்டில் நாட் கம்’ என்று போட்டார். மறுநாள் காலை அக்கா போனைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்துவிட்டார்.

“சார், இத்த கொஞ்சம் படி. என் பொண்ணு படிச்சிட்டு, ‘யம்மா உன்ன அசிங்கப்படுத்தி கீறான்’னு சொல்றா. நான் இன்னா தூங்கினா இருந்தேன்? கேஸ் தீந்து போச்சு.”

படித்தேன். “அசிங்கமா ஒண்ணும் இல்லைம்மா. டீ இன்னும் வரலைன்னு போட்டிருக்கார்.”

“அவ்ளோதானா? அப்ப அவ ஏன் அப்படி சொல்றா?”

மகள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் விளக்கினேன். “கடைசியில ‘யெட்’னு போட்டிருந்தா, டீ இன்னும் வரல, வந்துடும்னு அர்த்தம். அவர் ‘ஸ்டில்’னு போட்டு நடுவுல வச்சுட்டார். எப்பவோ வந்திருக்கணும், இவ்வளவு நேரம் ஆகியும் வந்தபாடில்லைன்னு அர்த்தம்.”

அக்கா கொஞ்சம் யோசித்தார். “அப்ப யெட்டுன்னா மருவாதி. ஸ்டில்லுன்னா திட்டு.”

“கிட்டத்தட்ட.”

“சார், அவனாண்ட சொல்லி மருவாதியா போடச் சொல்லு. இல்லாட்டி நாளைக்கு அவனுக்கு மட்டும் சக்கர கெடையாது.”

நான் சூப்பர்வைசரிடம் பேசினேன். அவர் குழுவில் புதிதாக ‘டீ ஹேட் நாட் கம் யெட்’ என்று திருத்திப் போட்டார். முந்தைய நாள் டீக்கு மறுநாள் மரியாதை கிடைத்தது. அக்கா எனக்கு அன்று ஒரு மசால் வடை கொடுத்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூத்தவர் தந்த விதி பாதிதான் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது என்பதற்காக. எதிர்மறை வாக்கியத்திலும் ‘ஸ்டில்’ வரும். ‘யெட்’ வாக்கியத்தின் கடைசியில் போய்ப் பணிவாக உட்காரும். ‘ஸ்டில்’ மறுப்புக்கு முன்னால் வந்து நின்றுகொள்ளும். இரண்டுமே இலக்கணப்படி சரி. ‘யெட்’ போட்டால் எதிர்பார்ப்பு. ‘ஸ்டில்’ போட்டால் புகார். இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆனால் சனிக்கிழமை வகுப்பில் நான் பாதி விதியைத்தான் சொல்லிக்கொடுத்தேன். முழுதும் சொன்னால் குழம்பிப்போவார்கள் என்று நினைத்தேன். குழப்பம் இல்லாத ஆசிரியர் என்று எனக்கு ஒரு பெயரும் இருந்தது.

ஏழுமலை நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் வருபவர். ரப்பர் அரைக்கும் ரோலர் மிஷினில் வேலை. இரண்டு பெரிய உருளைகள் எதிரெதிராகச் சுற்றும், நடுவில் ரப்பர் பிதுங்கிக்கொண்டு வரும். ஏதாவது மாட்டிக்கொண்டால் அமுக்குவதற்குப் பக்கத்தில் சிவப்புப் பொத்தான் உண்டு. அதன் கீழே ‘அமுக்கியதும் மிஷின் நிற்கும், நின்ற பிறகே கை வைக்கவும்’ என்று நான் மொழிபெயர்த்த பலகை இருந்தது. ஒருநாள் பகல் ஷிஃப்டில் அவருடைய வலது கை உள்ளே போய்விட்டது. கட்டை விரல் மட்டும் மிஞ்சியது.

கட்டுப் பிரித்து அவர் நடமாட ஆரம்பித்ததும் விசாரணை வைத்தார்கள். தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பொத்தானை அமுக்கியும் மிஷின் நிற்காமல் இழுத்துவிட்டது என்றால் கோளாறு மிஷினில். ஏழுமலைக்கு வேறு இலேசான வேலை கொடுத்து வைத்துக்கொள்வார்கள். மிஷின் நிற்பதற்குள் அவர் அவசரப்பட்டுக் கையை விட்டார் என்றால் கவனக்குறைவு, வேலை போய்விடும். முடிவெடுப்பது தலைமை அலுவலகம். அவர்களுக்குப் போவது என்னுடைய ஆங்கிலம்.

விசாரணை அறையில் நானும் இருந்தேன். ஹெச்.ஆர். தம்பி கேள்வி கேட்டு, பதிலை எழுத்துத் தமிழில் சுருக்கி எழுதிக்கொண்டிருந்தார்.

“என்ன நடந்துச்சு ஏழுமலை? நிதானமா சொல்லுங்க.”

“கிளவுஸு மாட்டிக்கிச்சு சார். இஸ்துகினு போவுது. இந்த எடது கையால பட்டன அமுக்கினேன்.”

“அமுக்குனீங்க. சரி. கை உள்ள போறப்ப மிஷின் நின்னுடுச்சா?”

ஏழுமலை அவரை நிமிர்ந்து பார்த்தார். “இன்னூஊம் நிக்கல சார்!”

தம்பி எழுதினார்: ‘பொத்தானை அமுக்கினேன். கை உள்ளே போனபோது மிஷின் இன்னும் நிற்கவில்லை.’

இரண்டுக்கும் நடுவில் என்ன காணாமல் போயிற்று என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ‘ஊ’. நம் இலக்கணத்தில் ஓர் எழுத்து தன் அளவைத் தாண்டி நீண்டு ஒலிப்பதற்கு அளபெடை என்று பெயர் வைத்து, எழுதும் முறையையும் சொல்லியிருக்கிறார்கள். விசாரணைக் குறிப்புகளில் அப்படி எழுதும் வழக்கம் இல்லை. ஏழுமலை சொல்ல வந்தது முழுக்க அந்த நீளத்தில்தான் இருந்தது. அது என் காதில் விழுந்தது.

“கொஞ்சம் தயவு பண்ணுங்க சார்” என்றார் ஏழுமலை எழுந்திருக்கும்போது. “ஸ்டோர்ல குந்திகினு எதுனா செய்யறேன். எடது கை நல்லாத்தான் கீது.”

“மேல அனுப்பறோம். பாக்கலாம்” என்றார் தம்பி.

அன்றைக்கே அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. நான் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். தம்பி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். அந்த வாக்கியத்துக்கு வந்தேன். ‘தி மிஷின் ஸ்டில் ஹேட் நாட் ஸ்டாப்ட்’ என்று அடித்தேன். யோசிக்கவே இல்லை, விரல் தானாக அடித்தது. இந்த வேலையில் அப்படி வருவது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

“சார்” என்றார் தம்பி. “தப்பா நெனச்சுக்காதீங்க. நிக்கலைங்கறது நெகட்டிவ் ஆச்சே. ‘யெட்’ தானே வரணும்?”

நான் அடுத்த வாக்கியத்துக்குப் போகப் பார்த்தேன்.

“நீங்கதான் சார் சொல்லிக்குடுத்தீங்க. நெகட்டிவ்னா யெட்டு, பாசிட்டிவ்னா ஸ்டில்லு. எழுதி வச்சிருக்கேன், எடுத்துக் காட்டட்டுமா?”

“வேண்டாம் தம்பி.”

“மேல இருக்கறவங்க இங்கிலீஷ்ல புலி சார். கிராமர் தப்புன்னு ஒண்ணு கண்ணுல பட்டுச்சுன்னா, மொத்த ரிப்போர்ட்டும் தப்புன்னு சொல்லிடுவாங்க.”

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். உங்களுக்குப் பயன்படக்கூடியது அதுதான். ‘நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது பாதி’ என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த சனிக்கிழமை முதல் வரிசையில் இருப்பவர் என்னைப் பார்க்கும் பார்வை மாறும். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தாளில் கையெழுத்துப் போடுபவரும் அவர்தான். இவ்வளவும் ஒரு மூச்சு விடும் நேரத்துக்குள் ஓடியது. ஏழுமலையின் கை அந்த வரிசையில் வரவே இல்லை. பிறகுதான் வந்தது.

‘ஸ்டில்’லை அழித்தேன். வாக்கியத்தின் கடைசிக்குப் போய் ‘யெட்’ என்று அடித்தேன்.

“இப்ப சரியா இருக்கு சார்” என்றார் தம்பி.

இலக்கணப்படி சரியாகத்தான் இருந்தது. ஆங்கிலத்தில் படிப்பவருக்கு இப்படித் தெரியும்: பொத்தானை அமுக்கினார், மிஷின் நிற்கத் தொடங்கியிருந்தது, முழுதாக நிற்கவில்லை, அதற்குள் கை உள்ளே போய்விட்டது. மிஷின் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது, மனிதன்தான் பொறுக்கவில்லை. கஸ்தூரி அக்காவின் கணக்கில் சொன்னால், நான் மிஷினுக்கு மரியாதை கொடுத்தேன்.

தம்பிக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்ததா, தெரிந்தே சொன்னாரா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருந்தால் என் தவறு குறையும் என்று நானும் ரொம்ப நாள் அதைப் பற்றி யோசித்தேன். எனக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் அந்த யோசனைக்கு வேலை இல்லை.

இந்தத் தொழிலில் திருத்திக்கொள்ள இரண்டாவது வாய்ப்பு கிடைப்பது அபூர்வம். எனக்குக் கிடைத்தது. தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் போன் செய்தார். நிதானமான குரல். அந்த வாக்கியத்தைப் படித்துக் காட்டிவிட்டு, “அந்த ஆள் மிஷின் நிற்கும்வரை காத்திருக்கவில்லை என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். தமிழிலும் அதுதான் இருக்கிறதா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவர் கேட்டதற்கு ‘இல்லை’ என்ற ஒரு சொல் போதும். ஆனால் அதைச் சொன்னால், அனுப்பும் முன் ஏன் சொல்லவில்லை என்று அடுத்த கேள்வி வரும். இத்தனை வருடம் அனுப்பியதில் இன்னும் எத்தனை இப்படி என்று அதற்கடுத்த கேள்வி வரும்.

“வாக்கியம் இலக்கணப்படி சரியானது, மேடம்” என்றேன்.

“நன்றி” என்று வைத்துவிட்டார். நான் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. இந்த மாதிரி பதில் உங்கள் வாயில் வரும்போது, அதாவது முழுக்க உண்மையாகவும் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமலும் ஒரு வாக்கியம் வரும்போது, நிறுத்துங்கள். வேறு எதற்காக இல்லாவிட்டாலும் அதற்காக இந்தக் கட்டுரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழுமலைக்கு வேலை போய்விட்டது. உத்தரவு ஆங்கிலத்தில் வந்தது. அதைத் தமிழில் பெயர்த்துக் கொடுத்தவனும் நான்தான். ‘மிஷின் நிற்கும்வரை பொறுக்காத கவனக்குறைவு’ என்று எழுதினேன். நல்ல மொழிபெயர்ப்பு. அவர் அதை வாங்கிக்கொள்ள வந்தபோது நான் அறையில் இல்லாதபடி பார்த்துக்கொண்டேன். கேன்டீனில் உட்கார்ந்திருந்தேன். கஸ்தூரி அக்கா டீ கொண்டுவந்து வைத்தார்.

“ஏழுமல சமாச்சாரம் கேட்டியா சார்? அவன் பட்டன குத்து குத்துன்னு குத்தினானாம். சத்தம் வெளிய வரைக்கும் கேட்டுச்சுன்றாங்கோ. அத்த எழுதி அனுப்பலயா நீங்கோ?”

“எழுதி அனுப்பினோம்மா.”

“இன்னான்னு?”

நான் டீயைக் குடித்தேன். சூடாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் முழு விதியையும் சொல்லிக்கொடுத்தேன். எதிர்மறையிலும் ‘ஸ்டில்’ வரும், மறுப்புக்கு முன்னால் வரும், பொறுமை தீர்ந்துபோனதைக் காட்டும் என்று பலகையில் எழுதினேன். மிஷின் என்ற சொல்லைத் தவிர்த்து, பஸ்ஸையும் கரன்ட்டையும் உதாரணமாகச் சொன்னேன். ஹெச்.ஆர். தம்பி முதல் வரிசையில் உட்கார்ந்து அதையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பலகையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டேன். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

பின்னால் நான் உங்கள் அலுவலகத்துக்கு வந்து, ஓய்வும் பெற்றேன். போன மழைக்காலத்தில் திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் நின்றிருந்தேன். வண்டி தாமதம். பக்கத்தில் ஒருவர் காவலாளி உடையில், இடது கையில் போனைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“வண்டி இன்னும் வரல மாமே. வந்துடும், வந்துடும். நீ கேட்டாண்டயே நில்லு.”

இது ‘யெட்’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். தொழில் பழக்கம் விடாது. அப்புறம்தான் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னை ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ அந்த இங்கிலீஷ் சார் தானே?”

“ஆமாம் ஏழுமலை. எப்படி இருக்கீங்க?”

“கீறேன். ஆவடியில அபார்ட்மென்ட்டு ஒண்ணுல கேட்டு பாத்துக்கறேன். ஐ.டி. பசங்க கார்ல வந்தா தொறக்கணும், போனா மூடணும். எடது கையே போதும்.”

வண்டி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். நீங்கள் சொன்ன ‘இன்னும்’ என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு சொல் இருக்கிறது, ஒன்று மிஷின் மேல் பழி சொல்லும், இன்னொன்று உங்கள் மேல் பழி சொல்லும், நான் முதலில் சரியானதை அடித்தேன், அப்புறம் அழித்துவிட்டு மற்றதைப் போட்டேன், அதனால்தான் வேலை போயிற்று என்றேன். மேலிடத்திலிருந்து போன் வந்ததையும் சொன்னேன்.

“அந்த ரெண்டு வார்த்த இன்னா?”

“ஸ்டில். யெட்.”

“ஸ்டில்லு” என்றார். “யெட்டு.” வாயில் போட்டுப் பார்ப்பது போல இருந்தது. “ரெண்டும் தம்மாத்தூண்டு தான் கீது.”

“ஆமாம்.”

“எத்த மொதல்ல அடிச்ச?”

“ஸ்டில்.”

“அப்ப நான் சொன்னது உனக்குப் புரிஞ்சுதான் இருந்திச்சி.”

“புரிஞ்சுது.”

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். தூரத்தில் வண்டி தெரிந்தது. “ஒருத்தருக்கும் புரியலன்னு நெனச்சினு இருந்தேன் சார் இத்தினி நாளா. நான் தான் சரியா சொல்லலன்னு.”

வண்டி வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள். ஏழுமலை வாசல் கம்பியை இடது கையால் பிடித்து ஏறி, திரும்பி நின்றார்.

“இன்னும் அத்தயே நெனச்சினு கீறியா சார்?”

“ஆமாம்.”

“சரி. நெனச்சினே இரு.”

வண்டி கிளம்பியது. நானும் அதில்தான் போக வேண்டியிருந்தது. ஏறவில்லை.

அவர் கேட்ட அந்தக் கடைசிக் கேள்வியை நான் பல தடவை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நீங்களும் சொல்லிப் பாருங்கள். கேள்விக்கு ‘யெட்’ என்று மூத்தவர் சொன்ன விதி அங்கே உதவாது, ‘ஸ்டில்’தான் வரும். நான் சொன்ன பதிலை முழு வாக்கியமாக எழுதினாலும் அப்படித்தான். இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உடன்பாட்டு வாக்கியம். இதில் ‘யெட்’ வராது.